படம் முடிந்ததும் எழுந்து போகாதீர்கள்: திரை, சமயம், சமாதானம் பற்றி மதுரையில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் ஆறேழு பேர். கையில் ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு ஸ்பீக்கர். மதுரையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும், வெவ்வேறு சமயத்தாரும் சாதியாரும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கும் தெருக்களில் படம் போடுகிறோம். படம் முடிந்ததும் வந்தவர்களை உட்கார வைத்துப் பேச வைக்கிறோம். எங்கே போனாலும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் என் பொறுப்பு. கூட வரும் நண்பர்கள் சிலவற்றில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

படம் பார்த்தால் சண்டை நின்றுவிடுமா?

நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு படம் பார்த்து மனம் மாறியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் வேறு ஒன்று நடக்கிறது.

ருவாண்டாவில் 1994-இல் நடந்த இனப்படுகொலைக்கு வானொலியும் தூபம் போட்டது. பத்து ஆண்டு கழித்து, 2004-இல், அந்த நாட்டு வானொலியிலேயே ‘புதிய விடியல்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு தொடர் நாடகம் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் இரண்டின் பகையும் அதைத் தாண்ட முயலும் மனிதர்களும்தான் கதை. எலிசபெத் லெவி பாலக் என்ற உளவியல் ஆய்வாளர் சில ஊர்களில் மக்களைக் கூட்டமாக உட்கார வைத்து, ஓராண்டு முழுக்க அந்த நாடகத்தைக் கேட்க வைத்தார். வேறு சில ஊர்களுக்கு உடல்நலம் பற்றிய நாடகம். 2009-இல் வந்த அவருடைய ஆய்வு சொன்னது இது: கேட்டவர்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ‘நம்ம ஊரில் இப்படி நடந்துகொள்வதுதான் முறை’ என்ற எண்ணம் மாறியிருந்தது. ஆய்வின் முடிவில் ஊருக்குப் பொதுவாக ஒரு கேசட் பிளேயரைக் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் ‘தலைவரிடமே இருக்கட்டும்’ என்று விட்டார்கள். சமாதான நாடகம் கேட்ட ஊர்களில் ‘நாமே சேர்ந்து பார்த்துக்கொள்வோம்’ என்றார்கள்.

திருவிழா முடிந்ததும் ஊர்ப் பாத்திரமும் மைக்செட்டும் யார் வீட்டுக்குப் போகும் என்பதில் எத்தனை சண்டை நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, அந்த கேசட் பிளேயர் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து ஒரே கதையைப் பற்றி வாதாடுவது இந்தத் தெருவின் வழக்கமாக வேண்டும். மனம் மாறுவது அவரவர் பாடு.

சமயத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்? கோயில் ஊரில் சினிமா எதற்கு?

மதுரை கோயில் ஊர் மட்டுமா? சினிமா ஊரும்தான். ஆசியாவிலேயே பெரிய திரையரங்குகளில் ஒன்று என்று பேர் வாங்கிய தங்கம் தியேட்டர் 1952-இல் ‘பராசக்தி’ படத்தோடு திறந்தது. கோயிலின் பெயரால் நடக்கும் அநியாயத்தைத் தட்டிக்கேட்ட படம் அது. தடை செய்யச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அந்தப் படத்துக்கு நின்ற கூட்டத்தில் காலையில் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்?

அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி ஒரு கருத்தைச் சொன்னார்: தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகை. அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானித்தது டிக்கெட் விலைதான். டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து மணல்மேட்டில் இருப்பவர் யாரென்று கேட்கவும் முடியாது, எழுந்து போகச் சொல்லவும் முடியாது.

கோயில் அந்த நிலைக்கு வரப் போராட வேண்டியிருந்தது. மதுரை அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8. அதே ஆண்டு மே மாதம்தான் ‘தியாகபூமி’ படம் வெளிவந்தது. புயலில் வீடிழந்த ஹரிஜனங்களுக்கு இடம் கொடுத்ததற்காக அதில் வரும் சம்பு சாஸ்திரி ஊரால் தள்ளிவைக்கப்படுவார். படத்தால்தான் கோயில் திறந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அது களத்தில் நின்றவர்களின் உழைப்பு. ஆனால் அந்தக் கோடையில் சினிமாக் கொட்டகையிலும் கோயில் வாசலிலும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது.

அண்ணே, சினிமாதானே பகையை வளர்க்குது?

ஆமாம் தம்பி. தொண்ணூறுகளில் தொடங்கி வந்த எத்தனை தமிழ்ப் படங்களில் குண்டு வைப்பவனுக்கு இஸ்லாமியப் பெயர்! ஒரு பையன் பள்ளிக்கூடத்தில் அந்த வில்லன் பெயரால் கூப்பிடப்பட்டான் என்று அவன் அம்மா சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். மதுரை என்றாலே அரிவாள் என்று ஆக்கியதும் சினிமாதான். இந்த ஊரில் பூக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையை எந்தப் படம் அவ்வளவு நேரம் காட்டியது?

2013-இல் ‘விஸ்வரூபம்’ வந்தபோது இஸ்லாமிய அமைப்புகள் எதிர்த்தன, அரசு தடை போட்டது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சில இடங்களில் ஒலியை நீக்கிவிட்டுப் பிப்ரவரி 7-ஆம் தேதி திரையிட்டார்கள். தடை தவறு என்பது என் கருத்து. ஆனால் அந்தத் தாயின் வலியும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாதவர் எங்கள் வேலைக்கு உதவ மாட்டார்.

அப்படியானால் என்ன படம் போடுகிறீர்கள்?

அதிகம் போட்டது நைஜீரியாவைப் பற்றிய, ஏறக்குறைய நாற்பது நிமிட ஆவணப்படம் ஒன்று. ‘இமாமும் பாதிரியாரும்’ என்பது அதன் பெயரின் பொருள், 2006-இல் வந்தது. கடூனா நகரத்தில் ஜேம்ஸ் வூயே என்ற பாதிரியாரும் முகம்மது அஷாஃபா என்ற இமாமும் 1992 கலவரத்தில் எதிரெதிர் படைகளில் இருந்தவர்கள். சண்டையில் பாதிரியாரின் ஒரு கை போனது. இமாம் தன் ஆசானையும் உறவினர் இருவரையும் இழந்தார். பின்னாளில் அதே இருவரும் சேர்ந்து ஊர் ஊராகச் சமாதானம் பேசப் போனார்கள்.

படம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஊமைப்படக் காலத்து முறையைக் கையில் எடுத்தோம். அன்றைக்குத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார் அல்லவா? அதுபோல இரண்டு பேரைத் தமிழில் பேச வைக்கிறோம். இமாமின் பேச்சைத் தெருவிலிருக்கும் ஒரு கிறிஸ்தவப் பையனோ இந்துப் பையனோ படிப்பான். பாதிரியாரின் பேச்சை ஒரு இஸ்லாமியப் பையன் படிப்பான். ஒத்திகைக்கு மூன்று நாள் மாலையில் அவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும். படத்தைவிட அந்த மூன்று நாள்தான் பலன் தருகிறது என்று நான் நினைக்கத் தொடங்கியிருக்கிறேன். “என் ஆசானைக் கொன்னுட்டாங்க” என்ற வரியை வேற்று மதத்துப் பையன் தன் குரலில் சொல்லும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்று லைபீரியப் பெண்களைப் பற்றி 2008-இல் வந்த ஆவணப்படம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 2003-இல், கிறிஸ்தவப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் வெள்ளை உடுத்தி, தலைநகரின் மீன் சந்தைத் திடலில் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். கானாவில் சமாதானப் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது அங்கேயும் போய், பேச வந்தவர்களை வெளியே விடாமல் வாசலை மறித்தார்கள். அந்த ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்னின்ற லேமா குபோவிக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் பூ மார்க்கெட்டில் வேலை செய்யும் பெண்கள் நிறைய இருக்கும் ஒரு தெருவில் போட்டோம். போரைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். பேச்சு வெள்ளைச் சேலையில் போய் நின்றது. “வெள்ளை கட்டுனா தாலி அறுத்தவள்னுல்ல தம்பி அர்த்தம், எப்படி அத்தனை பேரும் கட்டுனாக?” என்றார் ஓர் அம்மா. பக்கத்திலிருந்த கிறிஸ்தவ அக்கா, “நாங்க கல்யாணத்துக்கே வெள்ளைதானே கட்டுறோம்” என்றார். இஸ்லாமியப் பாட்டி ஒருவர், தன் சின்ன வயதில் வெள்ளைத் துப்பட்டி போடாமல் பெண்கள் தெருவில் இறங்க மாட்டார்கள் என்று சொல்லி, கடைசியில் உடுத்தும் கஃபன் துணியும் வெள்ளைதான் என்று முடித்தார். முப்பது ஆண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டியவர்கள். ஒருவர் வீட்டில் வெள்ளைக்கு என்ன பொருள் என்று அடுத்தவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அரை மணி நேரம் நாங்கள் வாயே திறக்கவில்லை.

தமிழ்ப் படம் எதுவும் இல்லையா?

‘பாவமன்னிப்பு’ இருக்கிறது. 1961, பீம்சிங் இயக்கியது. இந்து வீட்டில் பிறந்து இஸ்லாமியப் பெரியவர் ஒருவரிடம் வளரும் ரஹீமாக சிவாஜி, வளர்ப்புத் தந்தையாக நாகையா. வயதானவர்கள் கூடும் இடத்தில் இதற்கு ஈடில்லை. பாட்டு வரும்போது கூடவே பாடுவார்கள். ஒரு குறை: இதில் எல்லாரும் நல்லவர்கள், கெட்டவர் ஒருவர்தான். அவர் திருந்தியதும் கதை முடிந்துவிடும். நம் தெருக்களில் சிக்கல் அப்படி ஒரே ஆளிடம் குடியிருப்பதில்லை.

கலவரத்தைக் காட்டும் படங்களைப் போடலாமா?

முதல் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். நாங்கள் அந்தத் தவறைச் செய்தோம். ஆர்வக் கோளாறில் வட இந்தியக் கலவரம் ஒன்றைப் பற்றிய படத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். கடை எரியும் காட்சி வந்ததும் வலது பக்கம் இருந்தவர்கள் இடது பக்கம் பார்த்தார்கள், இடது பக்கம் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கால் மணி நேரத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, “நல்லாத்தானே இருந்தோம், எதுக்கு இதைக் காட்டுறீங்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு, தூரத்து ஊர்க் கதைகளில்தான் தொடங்குகிறோம். கடூனாவில் யாருக்கும் மாமன் மச்சான் கிடையாது, பயமில்லாமல் வாதாடலாம். நம் ஊர்க் காயத்துக்கு அவர்களே வந்து சேருவார்கள், நான்காவது ஐந்தாவது கூட்டத்தில்.

எங்கே, எப்போது போடுவது?

பாதி வேலை இதில்தான். கோயில் முன்னால் வேண்டாம், பள்ளிவாசல் திடலில் வேண்டாம், சர்ச் வளாகமும் வேண்டாம். முச்சந்தி, அரசுப் பள்ளி மைதானம், மொட்டை மாடி எது கிடைத்தாலும் சரி. கிராமத்தில் மந்தை என்பார்கள். பொது இடம் என்றும் சொல்வார்கள். அங்கே யாரெல்லாம் இதுவரை உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் திரை கட்டாதீர்கள். ஒரு தரப்பு எட்ட நின்றே பார்க்கும் இடத்தில் சமாதானப் படம் போட்டால், எட்ட நிற்பதற்கு நாமும் உடந்தை.

ரமலான் மாதத்தில் கிடையாது. சித்திரைத் திருவிழாவின்போது ஊரே வைகையில் இருக்கும். பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரமும் விட்டுவிடுவோம். மற்ற நாட்களில் இஷா தொழுகை முடிந்து எட்டேகாலுக்குத் தொடங்குவோம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. அதனால் அந்த நேரத்தில் தொடங்கும் படம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறகு நடக்கும் பேச்சு மைக் இல்லாமல்தான். முதலில் இதை ஒரு குறையாக நினைத்தோம். மைக் கையில் கிடைத்தால் மனிதர்கள் சொற்பொழிவு ஆற்றுகிறார்கள். மைக் இல்லாவிட்டால் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்காருகிறார்கள்.

இஸ்லாத்தில் படம் பார்க்கக் கூடாது என்கிறார்களே?

அப்படிக் கருதுபவர்கள் இருக்கிறார்கள். வற்புறுத்துவதில்லை. முன்கூட்டியே ஜமாஅத் பெரியவர்களைப் பார்த்து என்ன படம், இசை இருக்கிறதா, என்ன காட்சி என்று முழுக்கச் சொல்லிவிடுவோம். படத்துக்கு வராமல் பேச்சுக்கு மட்டும் வந்து உட்காரும் பெரியவர்களும் உண்டு. அவர்களுக்காக யாராவது ஒருவர் கதையைச் சொல்வார். அது சில நேரம் படத்தைவிட நன்றாக இருக்கும்.

மதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சாதி?

மதுரைப் பக்கம் சமாதானம் என்றால் முதலில் சாதிதான் வந்து நிற்கும். உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து 1989-இல் எழுந்த சுவரில் பாதை திறக்க 2008 மே மாதம் வரை ஆனது. மேலவளவில் 1997-இல் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இரண்டு பக்கமும் அதே தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள்தான். ஆகவே ‘சமயங்கள் புரிந்துகொண்டால் சண்டை போகும்’ என்ற பேச்சு இங்கே பாதிக் கிணறுகூடத் தாண்டாது.

நார்வேயைச் சேர்ந்த அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்: அடிதடி இல்லாதிருப்பது ஒரு வகை அமைதி, அநியாயம் இல்லாதிருப்பது வேறு வகை. சுவர் இருந்த காலத்திலும் பல நாட்கள் அடிதடி இல்லாமல்தான் இருந்திருக்கும். “எங்க ஊரில் பிரச்சினையே இல்லைங்க” என்று யாராவது சொன்னால், டீக்கடையில் எத்தனை வகை டம்ளர் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்கள் ஆட்களிடம் சொல்வேன்.

சாதி பற்றிப் படம் போடும்போது இரு தரப்பையும் முதல் நாளே ஒன்றாக உட்கார வைப்பதில்லை. அடி வாங்கியவரிடம் ‘எல்லார் முன்னாலும் உங்கள் வலியைச் சொல்லுங்கள்’ என்று கேட்பது கொடுமை. தனித்தனியாக இரண்டு கூட்டம், பிறகு அவர்கள் விரும்பினால் சேர்ந்து. விரும்பாத ஊர்களும் உண்டு. அங்கே அதோடு நிறுத்திக்கொண்டோம்.

திருப்பரங்குன்றத்தைப் பற்றிப் படம் எடுப்பீர்களா?

மாட்டோம். அந்த மலையில் முருகனின் குடைவரைக் கோயில், உச்சியில் சிக்கந்தர் தர்கா, பாறையில் சமணர் படுக்கைகள் எல்லாம் இருக்கின்றன. மலை யாருக்கு என்ற வழக்கு 1931-இலேயே, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தீர்ப்பானது. 2025 தொடக்கத்தில் ஆடு பலியிடுவதிலும், ஆண்டின் கடைசியில் கார்த்திகை தீபம் ஏற்றும் இடத்திலும் சர்ச்சை வெடித்தது நாடறிந்தது. அரை நிமிட வீடியோக்கள் செல்போன் செல்போனாகப் பறந்தபோது, அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர்கள்தான் முதலில் பயந்தார்கள். இன்னொரு கேமராவைத் தூக்கிக்கொண்டு நாங்களும் போக வேண்டாம். அந்தப் பக்கத்து நண்பர்கள் கூப்பிட்டால் கேமரா இல்லாமல் போகிறோம், உட்கார்ந்து கேட்கிறோம்.

அனுமதி, உரிமை எல்லாம்?

ஒலிபெருக்கிக்கும் பொது இடத்துக்கும் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். படத்துக்கு உரிமையாளரிடம் கேளுங்கள். ஆவணப்பட இயக்குநர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுதான், ஆனால் பாட்டுக்கும் கதைக்கும் கணக்கு வேறு. கற்றுக்கொள்ள நல்ல இடம் வேண்டுமென்றால், மறுபக்கம் அமைப்பு மதுரையில் 1998-இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழாவுக்குப் போய்ப் பாருங்கள். நாங்கள் பலரும் அங்கே பார்வையாளராக உட்கார்ந்துதான் இதற்கு வந்தோம்.

யாராவது வந்து நிறுத்தச் சொன்னால்?

‘ஒரே ஒரு கிராமத்திலே’ பட வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலைக் காட்டிப் பேச்சுரிமையை ஒடுக்க முடியாது; பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. சட்டம் நம் பக்கம். ஆனாலும் தெருவில் ஒருவர் கையை நீட்டி நிறுத்தச் சொன்னால் நான் நிறுத்துகிறேன். விளக்கைப் போட்டு, “வாங்க மாமா, உட்காருங்க, எது பிடிக்கலைன்னு சொல்லுங்க” என்று கேட்கிறேன். நாங்கள் வந்ததே அதற்காகத்தானே.

பேச்சை எப்படி நடத்துகிறீர்கள்?

‘இந்தப் படம் என்ன சொல்கிறது?’ என்று கேட்பதில்லை. அது பரீட்சைக் கேள்வி. ‘எந்த இடத்தில் உங்களுக்குச் சங்கடமாக இருந்தது?’ என்று கேட்கிறோம். டீயும் சுண்டலும் படத்துக்குப் பிறகுதான், முன்னால் கொடுத்தால் ஆள் நிற்காது. பெண்கள் பின்வரிசையில் இருந்தால் நாங்கள் பின்னால் போய் உட்காருகிறோம். முன்வரிசை திரும்பித்தான் ஆக வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வோம். ‘எல்லா மதமும் அன்பைத்தான் சொல்லுது’ என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். உண்மையாகவே இருக்கட்டும். அதைச் சொன்னதும் எல்லாரும் தலையாட்டிவிட்டுச் செருப்பைத் தேடுகிறார்கள். அதற்குப் பதிலாக, உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது பள்ளிவாசல் வாசலில் தண்ணீர் ஓதி வாங்கிய கதையைச் சொல்லுங்கள். கோரிப்பாளையம் தர்காவில் நேர்ந்துகொண்டதைச் சொல்லுங்கள். அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்று உங்கள் ஆத்தா சொன்னதைச் சொல்லுங்கள். அந்த ஓதிய தண்ணீரை இன்றைக்கும் வாங்குவீர்களா, இல்லையென்றால் எப்போது நிறுத்தினீர்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள். அங்கேதான் பேச்சு சூடு பிடிக்கும்.

குழந்தைகள் வரலாமா?

வரட்டும். ஆனால் படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். யு/ஏ இப்போது 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் தெருவுக்கு வருவீர்களா? எவ்வளவு செலவாகும்?

வருவோம், காசு வேண்டாம். ஒரு நிபந்தனை உண்டு. ஒரு தரப்பு மட்டும் கூப்பிட்டால் வர மாட்டோம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கு இரண்டு பேர், நான்கு பேரும் சேர்ந்து வந்து கேட்க வேண்டும். அந்த நான்கு பேரைச் சேர்க்கவே சில தெருக்களில் ஆறு மாதம் ஆகியிருக்கிறது, காத்திருக்கிறோம். திரையும் புரொஜெக்டரும் நாங்கள் கொண்டுவருவோம். ஜமுக்காளம் நீங்கள் கொண்டுவாருங்கள், இரண்டு தெருவிலிருந்தும்.